நீல உதட்டுக்காரரின் தட்டு: மறுவெளியீடு என்றால் என்ன?

அட்டையில் ஒரு முகம். மாவு பூசியதுபோல் வெளுத்த தோல், நீல உதடு, பனி படிந்ததுபோல் முடி. ரீஷ்மன் என்று பெயர், ‘வுண்டர்பார்’ என்று தலைப்பு. ஜெர்மன் மொழியில் ‘அற்புதம்’ என்று அர்த்தம். 1978இல் ஹாம்பர்க் நகரத்தின் ஸ்கை ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, இது. வந்த காலத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. முப்பது வருஷம் போன பிறகு, அதே ஹாம்பர்கில் இருக்கும் பியூரோ பி என்ற நிறுவனம் அதை மறுபடியும் தட்டாக அடித்து விற்றது. என் காதுக்கு அது வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

இப்படிப் பழைய தட்டைப் புதிதாக அடித்து விற்பதை மறுவெளியீடு என்கிறோம். கடைக்காரர்களும் சேகரிப்பாளர்களும் ‘ரீஇஷ்யூ’ என்பார்கள். பழைய டேப்பை எடுத்து மெஷினில் மாட்டி, தட்டு அடித்து, பழைய அட்டையைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்துக்கு மறுபதிப்பு போடுகிற மாதிரி. ஆனால் புத்தகத்தை எத்தனை முறை அச்சிட்டாலும் ‘அ’ என்பது ‘அ’தான். தட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒருவர் உட்கார்ந்து, காதால் கேட்டு, ஏதோ ஒன்றை முடிவு செய்கிறார். நம் வீட்டு ஊசியின் கீழ் சுழல்வது அந்த முடிவுகளின் கூட்டுத்தொகை.

முதலில் இந்த மனிதரைப் பற்றி. வொல்ஃப்காங் ரீஷ்மன் 1947இல் பிறந்தவர், டூசல்டோர்ஃப் நகரத்துக்காரர். எலெக்ட்ரானிக் இசையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு அந்த ஊர் பெயரே போதும். அந்த இசையின் முன்னோடிக் குழுவான க்ராஃப்ட்வெர்க் அங்கிருந்துதான் வந்தது. 1960களின் பின்பாதியில் அங்கே ‘ஸ்பிரிட்ஸ் ஆஃப் சவுண்ட்’ என்று இளைஞர்கள் நடத்திய ஒரு குழு இருந்தது. அதில் வாசித்தவர்களில் மூன்று பேரைப் பாருங்கள். வொல்ஃப்காங் ஃப்ளூர் பிற்பாடு க்ராஃப்ட்வெர்க்கில் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாசித்தார். மைக்கேல் ரோத்தர் க்ளாவுஸ் டிங்கருடன் சேர்ந்து ‘நொய்!’ குழுவை ஆரம்பித்தார். மூன்றாவது ஆள்தான் நம் ரீஷ்மன். கூட வாசித்த இரண்டு பேர் பெயரையும் இன்றைக்கு இசை வரலாறு எழுதுகிறவர்கள் விடாமல் சொல்வார்கள். இவர் பெயர் மட்டும் அடிக்குறிப்பில் நின்றுவிட்டது.

எழுபதுகளில் ரீஷ்மன் ஸ்ட்ரீட்மார்க் என்ற ராக் குழுவில் சேர்ந்தார். அவர்களுடன் செய்த எல்பி 1977இல் ஸ்கை வழியாக வந்தது. அப்புறம் தனியாக ஒன்று செய்யலாம் என்று இறங்கி, பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிவு செய்ததுதான் ‘வுண்டர்பார்’.

கதையின் சோகமான பகுதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1978 ஆகஸ்டில், டூசல்டோர்ஃபில், முன்பின் தெரியாத குடிகாரர்கள் அவரைக் கத்தியால் குத்தினார்கள். எந்தப் பகையும் இல்லை, தற்செயலான வெறித்தனம். சில நாட்களில் இறந்துபோனார். தட்டு கடைக்கு வர இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. மறுவெளியீட்டைப் பற்றி யார் எழுதினாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. நீல உதடும் வெளுத்த முகமும் உள்ள அட்டையைச் சாவு தெரிந்தபின் பார்த்தால் ஏதோ முன்கூட்டியே தெரிந்து எடுத்த படம்போல் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. அது அந்தக் காலத்து மேடை ஒப்பனை, அவ்வளவுதான். இசையும் துக்கம் கொண்டாடுகிற இசை கிடையாது.

சரி, என்ன மாதிரி இசை? சிந்தசைசர் என்பது மின்சாரத்தை ஒலியாக மாற்றும் கருவி. உள்ளே ஆசிலேட்டர் என்ற சுற்று சீராகத் துடித்து ஒரு சுரத்தை உண்டாக்கும். ஃபில்டர் அந்தச் சுரத்தில் எந்தப் பகுதி வெளியே கேட்கலாம், எது அடங்கவேண்டும் என்று வடிகட்டும். விசையை அழுத்தினால் ஒலி சட்டென்று எழவேண்டுமா, மெதுவாக ஊறி வரவேண்டுமா என்பதை இன்னொரு சுற்று பார்த்துக்கொள்ளும். எழுபதுகளின் அனலாக் கருவிகளில், அதாவது ஒலியை எண்களாக மாற்றாமல் மின்னலையாகவே கையாளும் கருவிகளில், பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை வாசித்துப் பதிவு செய்து அடுக்கவேண்டும். சூடு ஏறினால் சுருதி நழுவும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. இரண்டு அடுக்குகள் துல்லியமாகப் பொருந்தாமல் மயிரிழை விலகி நிற்பதால்தான் அந்தப் பழைய ஒலிக்கு ஒரு மினுமினுப்பு வருகிறது.

சிந்தசைசரை நடுவில் வைத்து, சின்ன மெட்டும் திரும்பத் திரும்ப வரும் தாளமுமாகக் கட்டிய பாப் இசைக்கு சிந்த்பாப் என்று பெயர். அது வெகுஜன அலையாக எழுந்தது பிரிட்டனில். பாடகர் கேரி நியூமன் தன் குழுவோடு அங்கே விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது 1979இல். ‘வுண்டர்பார்’ அதற்கு ஒரு வருஷம் முந்தியது. க்ராஃப்ட்வெர்க்கின் ‘டி மென்ஷ்-மஷீன’ வந்த அதே வருஷம். ரீஷ்மனின் ஆறு பாடல்களும் பெரும்பாலும் வாத்திய இசைதான். ஆனால் மெட்டு பாட்டுபோல் மனதில் ஒட்டும். தாளம் அவசரமில்லாமல், ஒரே சீராக, இரவில் காலியான சாலையில் வண்டி போவதுபோல் போகும். அதன் மேல் சிந்தசைசர் கோடுகள் நிதானமாக விரியும். தலைப்புகளும் அதே நிறம்தான்: அந்தி வெளிச்சம், வெள்ளி நாடு, வானநீலம் என்று போகின்றன.

அப்படியானால் ஏன் கவனிக்கப்படவில்லை? போட்டவர் உயிரோடு இல்லை என்பது முதல் காரணம். கச்சேரி இல்லை, பேட்டி இல்லை, இரண்டாவது தட்டும் இல்லை. முதல் தட்டைப் பலர் தேடிப் போவது மூன்றாவது தட்டு பிடித்த பிறகுதான். இன்னொரு காரணம் என் ஊகம். இது இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டது. நீண்ட, மிதக்கும் ‘விண்வெளி’ இசை கேட்டவர்களுக்கு இதன் மெட்டு ரொம்ப எளிமை. பாப் ரசிகர்களுக்கோ முன்னால் நின்று பாட ஆள் இல்லை. கொஞ்ச வருஷத்தில் ஜெர்மனியில் ‘நோய டொய்ட்ஷ வெல்ல’, அதாவது புதிய ஜெர்மன் அலை, வந்தது. ஜெர்மன் மொழியிலேயே குறும்பும் கோபமுமாகப் பாடினார்கள். அமைதியான நீல முகத்தை அப்போது யார் தேடப்போகிறார்கள்?

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. ‘தொலைந்துபோன பொக்கிஷம்’ என்று மறுவெளியீட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பாதிதான் நம்புங்கள். பழைய தட்டுக் கடைகளில் விரல் அழுக்காகத் தேடுகிறவர்களுக்கு ஸ்கை ரெக்கார்ட்ஸின் பெயர் எப்போதும் தெரியும். தட்டு தொலையவில்லை, அச்சில் இல்லாமல் போயிற்று. இரண்டும் வேறு வேறு.

டேப்பைத் தேடுவது

மறுவெளியீட்டின் முதல் வேலை காகித வேலை. பதிவின் உரிமை யாரிடம், பாட்டை எழுதியவரின் உரிமை யாரிடம் என்று கண்டுபிடிக்கவேண்டும். இரண்டும் தனித்தனி. ஜெர்மன் சட்டப்படி இயற்றியவரின் உரிமை அவர் இறந்து 70 வருஷம் வரை நிற்கும். 1978இல் இறந்த ரீஷ்மனின் இசை 2048 முடியும் வரை காப்பில் இருக்கும். வெளியான ஒலிப்பதிவுக்கும் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 வருஷம்தான். சின்ன நிறுவனங்கள் மூடிப்போய், கைமாறி, ஒப்பந்தத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாமல் போன தட்டுகள் எத்தனையோ. நல்ல இசை திரும்பி வராததற்கு ரசிகர்கள் இல்லாததைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மாஸ்டர் டேப். பாடல்கள் எல்லாம் கலந்து முடிந்து, வரிசைப்படி ஒட்டி வைத்த கடைசி டேப் அது. ஸ்டுடியோவில் இது பெரும்பாலும் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் என்றால் சுமார் 456 மீட்டர் டேப். டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகளைப் பசை வைத்து ஒட்டியது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில வகை டேப்புகளில் அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் மெஷினின் தலையில் ஒட்டிக்கொண்டு கீச்சென்று கத்தும். துகளோடு இசையும் உரிந்து வந்துவிடும். இதற்கு வைத்தியம், டேப்பை அடுப்பில் வைத்துச் சுடுவது. விளையாட்டில்லை. ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலே, பல மணி நேரம், சீரான சூட்டில் வைத்து ஈரத்தை ஓட்டுவார்கள். அதன்பின் சில வாரங்கள் டேப் நல்லபடியாக ஓடும். அந்த அவகாசத்துக்குள் நகல் எடுத்துவிடவேண்டும்.

மாஸ்டர் கிடைக்கவே இல்லை என்றால்? பிரதி டேப் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள பழைய தட்டையே ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள். வேறு வழியே இல்லாதபோது, வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் தப்பில்லை. சொல்லாமல் செய்கிறவர்களும் உண்டு. வேறொரு பழைய ஜெர்மன் தட்டின் ‘மறுவெளியீடு’ என்று இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். பளபளவென்ற அட்டை, கனமான தட்டு. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கும் முன் இருக்கும் மௌனத்தில் சடசடவென்று பொரிகிற சத்தம். துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். என் தட்டில் தூசியே இல்லை. வேறு யாரோ வீட்டுத் தூசியை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்!

டேப் கிடைத்துச் சுத்தமாகிவிட்டால் மாஸ்டரிங். முதல் தடவையும் ஒருவர் இதைச் செய்திருப்பார் என்பதால், இரண்டாம் தடவை செய்வதை ரீமாஸ்டரிங் என்கிறார்கள். தாழ் ஒலி கொஞ்சம் குறைவா, உச்ச ஒலி குத்துகிறதா, டேப்பின் இரைச்சலை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்கும் வேலை. கை மீறினால் காரியம் கெடுவது இங்கேதான். இரைச்சலை முழுக்கத் துடைத்தால் அதோடு சிந்தசைசரின் மினுமினுப்பும் போய்விடும். எல்லாவற்றையும் சத்தமாக்கினால் மெதுவாக ஊறி வரவேண்டிய ஒலி ஆரம்பத்திலேயே முழு உயரத்தில் நிற்கும். ‘வுண்டர்பார்’ மாதிரி, காற்றோட்டமே பாதி இசையாக உள்ள தட்டுக்கு அது பெரிய கேடு.

இங்கே சேகரிப்பாளர்களிடையே ஓயாத ஒரு சண்டை உண்டு. டேப்பிலிருந்து தட்டு வரை எல்லாம் அனலாக்காகவே இருக்கவேண்டும், நடுவில் டிஜிட்டல் வந்தால் எதற்குத் தட்டு என்று ஒரு கட்சி. இன்றைய மறுவெளியீடுகள் பலவும் டேப்பை உயர்தர டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்தே தட்டு வெட்டுகின்றன. நான் இதில் கட்சி சேர மாட்டேன். முப்பது வருஷம் அலமாரியில் கிடந்த டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டித் தேய்ப்பதைவிட, ஒரே ஒருமுறை கவனமாக ஓட்டிக் கோப்பில் பிடித்துக்கொள்வது மேல்.

அப்பா, அம்மா, பிள்ளை

அப்புறம் வெட்டும் வேலை. அலுமினியத் தட்டின் மேல் பளபளவென்று மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். தொழிலில் அதற்கு லேக்கர் என்று பெயர். கடைசல் இயந்திரம் போன்ற ஒரு மெஷினில் அதைச் சுழலவிட்டு, சூடான ஒரு ஊசி அதில் பள்ளத்தைக் கீறிக்கொண்டே போகும். இசை அதிர அதிர ஊசியும் அதிரும், பள்ளம் நெளியும். பெர்லினின் நாய்மன் நிறுவனம் செய்த பழைய மெஷின்கள் இன்றும் உலகெங்கும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. லேக்கர் தட்டு செய்கிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்தபோது, மிச்சம் ஜப்பானில் ஒரு நிறுவனம்தான் என்று தட்டு உலகமே பதறியது.

தாழ் ஒலியை அப்படியே கீறினால் ஊசி பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். அதனால் வெட்டும்போது தாழ் ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். நம் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் ‘ஃபோனோ’ என்று எழுதிய துளை அந்தக் கணக்கைத் தலைகீழாகச் செய்து சரிப்படுத்துகிறது. புதிதாகத் தட்டு வாங்கியவர்கள் வேறு துளையில் சொருகிவிட்டு, தகர டப்பாவில் பாடுவதுபோல் இருக்கிறதே என்று குழம்புவது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் இடம். தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்று மாறாத வேகத்தில் சுழல்கிறது. வெளி ஓரத்தில் ஒரு சுற்று பெரியது. ஊசியின் கீழ் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள் ஓரத்துக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் திணிக்கவேண்டும். உள்ளே வர வர உச்ச ஒலி மங்கி, கரகரப்பு எட்டிப் பார்க்கும். ஒரு பக்கத்தின் பள்ளத்தை முழுக்க நீட்டிப் பார்த்தால் 20 நிமிஷத்துக்கு ஏறக்குறைய 430 மீட்டர் வரும். மேலே சொன்ன டேப்பின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான். நாடாவாக இருந்தது சுருண்டு வட்டமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

வெட்டிய லேக்கர் மெத்தென்று இருக்கும், அதை வைத்து அச்சடிக்க முடியாது. அதன் மேல் வெள்ளியைத் தெளித்து, மின்முலாம் முறையில் நிக்கலை வளர்த்து உரிக்கிறார்கள். பள்ளம் மேடாகத் தெரியும் அந்த எதிருருவுக்கு ஜெர்மன் தொழிலாளர்கள் ‘ஃபாட்டர்’, அப்பா, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வளர்ப்பது ‘முட்டர்’, அம்மா. அம்மாவில் பள்ளம் பள்ளமாகவே இருப்பதால் ஊசி வைத்துக் கேட்கலாம். அம்மாவிடமிருந்து வருவது ‘ஸோன்’, பிள்ளை. அச்சு இயந்திரத்தில் வேலை செய்கிறவன் பிள்ளைதான். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே சூடான பிவிசி பிளாஸ்டிக் உருண்டையை வைத்து, நீராவிச் சூட்டில் அழுத்தி, குளிரவைத்தால் அரை நிமிஷம் சுமாரில் ஒரு தட்டு. ஜெர்மனியில் டீப்ஹோல்ட்ஸ் ஊரின் பல்லாஸ் மாதிரியான ஆலைகள் இதைத் தலைமுறைகளாகச் செய்கின்றன. பிள்ளை தேய்ந்தால் அம்மாவிடமிருந்து இன்னொரு பிள்ளை.

‘180 கிராம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அது வெறும் எடை. கனமான தட்டு வளையாமல் நிற்கும், கையில் எடுத்தால் கம்பீரமாக இருக்கும். பள்ளத்தின் ஆழமும் ஒலியும் அதனால் மாறாது.

முதல் மறுவெளியீட்டை வாங்கப் போகிறவர் எடையைவிட்டு வேறு இரண்டைப் பார்க்கலாம். எதிலிருந்து எடுத்தது, யார் மாஸ்டரிங் செய்தது என்று அட்டையின் உள்ளே எழுதியிருக்கிறதா? முறையாகச் செய்தவர்கள் இதைப் பெருமையாகவே போடுவார்கள். அடுத்து, கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையில் இருக்கும் வெறும் வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்டியவர் கையால் கீறிய எண்களும், சில சமயம் அவருடைய முதலெழுத்தும் தெரியும்.

‘வுண்டர்பார்’ தட்டின் இரண்டாம் பக்கத்தில் அந்த வளையத்தை ஒட்டி இருக்கும் பாட்டு ‘ட்ராவும்ட்சைட்’, கனவுக்காலம். பள்ளம் மிக மெதுவாக ஓடும், வெட்டுகிறவர் மிகவும் பயப்படும் இடம் அது. என் தட்டில் ஊசி அங்கே வந்தபோது கரகரப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பாட்டு முடிந்து ஊசி வளையத்துக்குள் இறங்கிச் சுற்றத் தொடங்கிய பிறகுதான், பாட்டைக் கேட்காமல் பள்ளத்தையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஊசியைத் தூக்கி மறுபடியும் அதன் தொடக்கத்தில் வைத்தேன்.